கட்-ஆஃப் அக்கா

கட்-ஆஃப் அக்காவிடம் யாரும் ஒரே கேள்வியை இரண்டாம் முறை கேட்டதில்லை. முதல் முறையே போதும் போதும் என்றாகிவிடும். அப்பாவும் மகளுமாக, அம்மாவும் மகனுமாக, சில சமயம் சித்தப்பா பெரியப்பாவோடு வேன் வைத்துக்கொண்டு வந்து அவர் மேஜைக்கு முன்னால் நிற்பார்கள். பிளஸ் டூ மார்க், நுழைவுத் தேர்வு மார்க் இரண்டையும் கேட்டுக்கொள்வார். தலை நிமிராது. பேனா மூடியால் மேஜையை மெல்லத் தட்டிக்கொண்டே இருப்பார். தட்டுவது நின்றால் மனக்கணக்கு முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

"வராதுங்க" என்பார். ஒரு மூச்சு விட்டு, "வேற சொல்லட்டுமா?"

அந்த 'வேற சொல்லட்டுமா' வரைக்கும் காதில் வாங்கியவர்கள் குறைவு. பாதிப் பேர் 'வராதுங்க'வோடு இடிந்துபோய் நிற்பார்கள். சிலர் சண்டைக்கு வருவார்கள். ஒரு தாசில்தார் ஆபீஸ் குமாஸ்தா, "உன் வாயில நல்ல வார்த்தையே வராதா?" என்று கத்திவிட்டு மாடிப்படியில் தடதடவென்று இறங்கிப்போனார். அக்கா அடுத்த ஆளைப் பார்த்து, "உக்காருங்க" என்றார். அவ்வளவுதான்.

விழுப்புரம் தனி மாவட்டமான வருஷம் அந்த டியூஷன் சென்டர் தொடங்கியது. கலெக்டர் ஆபீஸ் வருகிறது, பெரிய ஆபீசர்கள் வருவார்கள், அவர்கள் பிள்ளைகள் வருவார்கள் என்று முதலாளி கணக்குப் போட்டார். வந்தவர்கள் என்னவோ சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள்தான். உரக்கடைக்கு மேலே மாடி. கீழேயிருந்து யூரியாவும் பூச்சிமருந்தும் கலந்து ஒரு வாசனை ஏறிக்கொண்டே இருக்கும். நான் கெமிஸ்ட்ரி டீச்சர் என்பதால் அது எனக்குப் பொருத்தமான இடம் என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள். அக்காவுக்கு ஆபீஸ் வேலை. கணக்கில் பட்டம் வாங்கியவர். பாடம் எடுக்கக் கூப்பிட்டால், "எனக்குப் பொறுமை கெடையாது டீச்சர்" என்று மறுத்துவிடுவார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவர் என்னை டீச்சர் என்பார், நான் அவரை அக்கா என்பேன். முதலில் 'கட்-ஆஃப்' சேர்த்தது எந்தப் பிள்ளை என்று தெரியாது. அது நிலைத்துவிட்டது.

திண்டிவனத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். கூட்டேரிப்பட்டு தாண்டினால்தான் உட்கார இடம் கிடைக்கும், அதுவரைக்கும் நின்றுகொண்டே ஜெபமாலை சொல்லி முடித்துவிடுவேன் என்பார். வீட்டுக்காரர் மின்வாரியத்தில் லைன்மேன், அதிகம் வாய் திறக்காத மனிதர். ஒரே மகள். மகளைப் பற்றி ஆபீஸில் பேசவே மாட்டார்.

இப்போது நுழைவுத் தேர்வு என்றால் பாலர் பள்ளிப் பிள்ளைக்குக்கூட ஏதோ கொஞ்சம் தெரிகிறது. அப்போது படித்தவர்களுக்கே தெரியாது. பிளஸ் டூ மார்க்கை இருநூறுக்குச் சுருக்கி, நுழைவுத் தேர்வை நூறுக்குச் சுருக்கி, இரண்டையும் கூட்டினால் முந்நூறு. அதில் எத்தனைக்கு எத்தனை வாங்கினால் டாக்டர், எஞ்சினியர் என்று போன வருஷ முடிவை வைத்துத்தான் எல்லாரும் குத்துமதிப்பாகப் பேசுவார்கள். அரை மார்க்கில் ஒருவன் வாழ்க்கை இந்தப் பக்கம், இன்னொருவன் வாழ்க்கை அந்தப் பக்கம். இதை வந்தவர்களுக்கு விளக்குவது இருக்கிறதே, பாடம் நடத்துவதே தேவலை.

கண்டாச்சிபுரம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி மகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"நூத்துக்கு முப்பத்தஞ்சு வாங்கினா பாஸ்தானே மேடம்? எம்பொண்ணு அந்த நுழைவுல எழுவது வாங்கிக்கினு வந்திருக்குது."

"இதுல பாஸே கெடையாதுங்க" என்றார் அக்கா.

"பாஸே கெடையாதா? அப்ப அல்லாரும் ஃபெயிலா?"

"ஃபெயிலும் கெடையாது."

"அப்புறம் இன்னாத்துக்கு இந்தப் பரீட்சய வெக்கறாங்க?"

அக்கா பேனா மூடியைக் கீழே வைத்தார். "ரேஷன் கடையில மண்ணெண்ணெய்க்கு நிக்கறீங்க இல்ல? நீங்க எத்தினி பெரிய கேன் எடுத்துக்கினு போனீங்கன்றது கணக்கு இல்ல. உங்களுக்கு முன்னாடி எத்தினி பேரு நிக்கறாங்க, உள்ள எவ்ளோ எண்ணெய் இருக்குது, அதான் கணக்கு. பேப்பரு கஷ்டமா இருந்தா அல்லாருக்குந்தான் கஷ்டம். மார்க்கு கொறைஞ்சாலும் வரிசை அப்டியே இருக்கும்."

அவர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. "எம்பொண்ணு போறதுக்குள்ள தீந்துடுமா?"

"தீந்துடும். வேற சொல்லட்டுமா?"

அந்த 'வேற'யைக் காது கொடுத்துக் கேட்ட சிலரில் அவர் ஒருவர். பி.எஸ்சி. அக்ரி என்று அக்கா ஆரம்பித்ததும், "நெலத்துல மல்லாட்டை போட்டு நஷ்டப்பட நான் ஒருத்தன் போதாதா?" என்றார். அந்தப் பெண்ணே சிரித்துவிட்டாள். பிறகு நர்சிங் பற்றிச் சொல்லி, எந்தத் தேதிக்குள் விண்ணப்பம் போட வேண்டும், எந்தச் சான்றிதழை முதலில் வாங்க வேண்டும் என்று ஒரு மணி நேரம் உட்கார்த்தி வைத்து அனுப்பினார். அந்த ஒரு மணி நேரத்துக்குச் சென்டருக்கு ஒரு பைசா கிடையாது. முதலாளிக்கு வயிறு எரியும்.

"மேடம், இங்க உக்காந்துகினு நீங்களே கடைய மூடறீங்க. வருமா வராதான்னு கேட்டா, முயற்சி பண்ணலாம்னு சொல்லக்கூடாதா? அடுத்த வருஷம் இம்ப்ரூவ்மெண்டு எழுதறேன்னு நம்மகிட்டயே வந்து சேருவாங்க இல்ல?"

"நான் சொல்லலன்னா ஆகஸ்ட் மாசம் போஸ்ட்மேன் சொல்லப் போறாரு சார். அதுக்குள்ள இந்த மனுசன் எத்தினி பேர்கிட்ட எம்புள்ள டாக்டருன்னு சொல்லிக்கினு திரிவாரு? அப்புறம் அத்தினி பேர் மூஞ்சிலயும் முழிக்கணும்."

 முதலாளியால் அக்காவை வேலையை விட்டு அனுப்பவும் முடியாது. மற்ற சென்டர்களில் படிக்கும் பிள்ளைகள்கூட அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போகலாம் என்று எங்கள் மாடிப்படி ஏறுவார்கள். அதில் நாலு பேராவது எங்களிடம் சேர்ந்துவிடுவார்கள்.

எந்தப் பரீட்சை யாருக்கு என்று பிரிப்பதில் அவருக்கு ஒரு தனி வழி இருந்தது. மாநிலத் தேர்வில் தப்பாக ஷேட் செய்தால் மார்க் குறைக்க மாட்டார்கள். பாண்டிச்சேரியில் மத்திய அரசு மருத்துவக் கல்லூரிக்கு நடந்த தனித் தேர்வில் குறைப்பார்கள். இரண்டுக்கும் ஒரே பாடம்தானே என்று எல்லாரும் இரண்டுக்கும் பணம் கட்டுவார்கள். அக்கா விடமாட்டார். என்னிடம் வந்து, "டீச்சர், நாலு பதிலுமே தப்பா இருக்கற மாதிரி ஒரு கேள்வி செஞ்சு குடுங்க" என்பார். நானும் செய்து தருவேன். அதை மாதிரித் தேர்வுக்கு நடுவில் சொருகிவிட்டு, பிள்ளைகள் எழுதும்போது பெஞ்சுக்கு நடுவே நடந்துகொண்டிருப்பார். அந்தக் கேள்வியில் ஏதோ ஒரு வட்டத்தைக் கறுப்பாக்கிவிட்டு அடுத்ததற்குப் போகிற பிள்ளைக்குப் பாண்டிச்சேரி வேண்டாம். ஒன்றும் செய்யாமல் விட்டுவிட்டுப் போகிற பிள்ளை எழுதலாம். "தெரியாததத் தெரியாதுன்னு வுடறதுக்கு ஒரு தைரியம் வேணும் டீச்சர். அது படிச்சு வர்றதில்ல" என்பார். வகுப்பில் முதலாவதாக வரும் பையனைக்கூட இப்படித் தடுத்திருக்கிறார். அவன் அப்பா கேட்காமல் எழுத வைத்தார். அவன் வாங்கின மார்க்கைக் கடைசிவரை வெளியே சொல்லவில்லை.

சீட்டு கிடைத்தவர்கள் இனிப்புப் பெட்டி கொண்டுவந்து தருவார்கள். அக்கா அதைத் திறக்காமல் மேஜை டிராயரில் வைத்துவிடுவார். சீட்டு கிடைக்காத பிள்ளை யாராவது விண்ணப்பத்துக்காகக் கொடுத்த சான்றிதழைத் திரும்ப வாங்க வந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றால், டிராயரைத் திறந்து அந்தப் பெட்டியை நீட்டுவார். "சாப்புடு. ஒனக்கு வந்ததுதான்." ஒரு சொல் ஆறுதல் கிடையாது, அறிவுரையும் கிடையாது. அந்தப் பிள்ளைகள் அழுதுகொண்டே மைசூர்பாகு தின்பதை நான் பார்த்திருக்கிறேன். அவர்மேல் எனக்கு எப்போது பிரியம் வந்தது என்று கேட்டால் அப்போதுதான்.

ஆனால் எல்லா நாளும் பிரியமாக இருக்காது. சில நாள் பயமாக இருக்கும். ஒரே மார்க் வாங்கிய இருவரில் எல்லாப் பாடமும் சமம் என்றால் வயதில் மூத்தவருக்குத்தான் இடம். ஒரு அப்பா, மகன் பின்னால் சர்க்கார் வேலைக்குப் போனால் ஒரு வருஷம் கூடுதலாகச் சம்பளம் வாங்கட்டும் என்று ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது வயதைக் குறைத்துப் போட்டிருந்தார். நம் பக்கத்தில் யார்தான் செய்யவில்லை? பையன் சரியாக அந்த ஒரு வருஷத்தில் பின்னால் போய்விட்டான். அந்த மனிதர் தலையிலடித்துக்கொண்டு, "நெசத்துல எம்புள்ள பெரியவன் மேடம், ஊர்ல யார வேணா கேளுங்க" என்று அழுகிறார். அக்கா, "நீங்க குடுத்த தேதிதான சார்" என்றார். சரிதான். ஆனால் அந்த நேரத்தில் அதைச் சொல்ல வேண்டுமா? நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது கேட்டேன், "கொஞ்சம் மெதுவா சொல்லியிருக்கலாமேக்கா?"

"மெதுவா சொன்னா மெதுவா புரியும். அவ்ளோதான் டீச்சர் வித்தியாசம்."

பிறகு அவர் மகள் பிளஸ் டூ முடித்தாள்.

அவளும் எங்களிடம்தான் படித்தாள். அமைதியான பெண். முதல் தடவை எழுதிய வருஷம் மெடிக்கல் சீட்டு கிடைக்காமல், பிளஸ் டூவை மறுபடி இம்ப்ரூவ்மெண்டாக எழுதி இரண்டாவது தடவையாக நுழைவுத் தேர்வுக்கு உட்கார்ந்தாள். காலை பஸ்ஸில் அம்மாவோடு வருவாள், சாயந்திரம் அம்மாவோடு போவாள், போகும்போதும் வரும்போதும் மடியில் புத்தகம். அந்த வருஷம் பேப்பர் மகா கஷ்டம். தேர்வு மையத்திலிருந்து பிள்ளைகள் அழுதுகொண்டே வெளியே வந்தார்கள். ரிசல்ட் வந்தபோது அவளுடைய மொத்தம், போன வருஷம் கடைசியாக இடம் கிடைத்த மார்க்குக்கு ஒரு மார்க் சொச்சம் கீழே இருந்தது.

நாங்கள் எல்லாரும் ஆபீஸில்தான் இருந்தோம். அக்கா மேஜையைத் தட்டினார். வழக்கத்தைவிட நேரமானது. மகள் எதிரில், பெற்றோர் நிற்கிற இடத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"வராதும்மா" என்றார். "வேற சொல்லட்டுமா?"

"சரிம்மா" என்றாள் அவள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, பேப்பரு கஷ்டம். நீங்கதானே சொல்லுவீங்க, வரிசை அப்டியே இருக்கும், மார்க்குதான் எறங்கும்னு? கட்-ஆஃப் எறங்கும்க்கா" என்றேன்.

"ஒரு மார்க்கு எறங்காது."

"புது காலேஜ் வரப்போவுதுன்னு பேப்பர்ல போட்டிருக்கான்."

"வந்தப்புறம் பாக்கலாம். ஊரு புள்ளைங்களுக்கெல்லாம் போன வருஷக் கணக்க வெச்சு வராதுன்னு சொல்லிட்டு, எம்புள்ளைக்கு மட்டும் எறங்கும்னு சொல்லவா? ஆசையில சொல்றது அது. கணக்கு இல்ல."

முதலாளியும் சொல்லிப் பார்த்தார். கேட்கவில்லை. ஒரே வாரத்தில் பாண்டிச்சேரியில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. கணக்கில் சேர்த்து, அசல் சான்றிதழ்களையும் கொடுத்துவிட்டார். கவுன்சிலிங்குக்குக் கடைசி நாளில் வரச் சொல்லி அழைப்பு வந்தது. "நெறைய பேர கூப்புடுவாங்க. போய் நின்னுட்டு வந்தா மனசுதான் கெடும்" என்று சொல்லிவிட்டார். மற்றவர்களிடம் எவ்வளவு கறாரோ, அதைவிட ஒரு பிடி அதிகம் மகளிடம். சலுகை காட்டிவிட்டோம் என்று தன்னைத் தானே சந்தேகப்படும்படி ஆகிவிடக் கூடாது அவருக்கு.

எங்களிடமே படித்த இன்னொரு பெண், கோட்டக்குப்பத்துக்காரி. வாப்பா துபாயில். அவளுக்கும் அக்கா வராது என்றுதான் சொல்லியிருந்தார். அக்கா மகளைவிடவும் கால் மார்க் குறைவு. இருவரும் ஒரே இட ஒதுக்கீட்டுப் பிரிவு. ஆனால் வாப்பா அங்கிருந்து தினமும் போன் போட்டு, "போய் நில்லு, சும்மா போய் நில்லு" என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். உம்மாவும் மகளும் சென்னைக்குப் போய் கடைசி நாள் கூட்டத்தில் நின்றார்கள். புதுக் கல்லூரி இடங்கள் சேர்ந்து, கட்-ஆஃப் இறங்கி, அவளுக்குக் கிடைத்துவிட்டது.

துபாய்ப் பேரீச்சம்பழமும் லட்டும் எடுத்துக்கொண்டு இருவரும் மாடிப்படி ஏறி வந்தார்கள். அக்கா எழுந்து நின்று அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டார். "ரொம்ப சந்தோசம்மா" என்றார். பிறகு மார்க் கேட்டார். அவள் சொன்னாள். "எவ்ளோ?" என்று மறுபடி கேட்டார். அவள் மறுபடி சொன்னாள். அக்கா மேஜையைத் தட்டவில்லை. உம்மா, "நீங்க வராதுன்னு சொன்னப்ப வூட்டுல அல்லாரும் அழுதோம்மா. ஆண்டவன் குடுத்தான்" என்றார். குத்திக்காட்டிச் சொல்லவில்லை, சந்தோஷத்தில் சொன்னார். அன்றைக்கு அக்கா வழக்கமான பஸ்ஸுக்கே கிளம்பினார். நான் கூட நடந்தேன்.  

அதற்கப்புறம் அவர் வாயிலிருந்து 'வராது' வந்து நான் கேட்டதில்லை.

யார் எந்த மார்க்கோடு வந்தாலும், "போய் நில்லுங்க" என்பார். பேனா மூடி தட்டுவதும் நின்றுவிட்டது. கணக்கே போடுவதில்லை. நர்சிங், பார்மசி பற்றிக் கேட்டால், "அத அப்புறம் பாக்கலாம், மொதல்ல போய் நில்லுங்க." வந்தவர்கள் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். முதலாளி தீபாவளிக்கு அவருக்குப் புடவை எடுத்துக் கொடுத்தார். மேடம் இப்பத்தான் வேலையைக் கற்றுக்கொண்டிருக்கிறார் என்று என்னிடம் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்ன செய்ய? அவரும் சம்பளம் கொடுக்கிற ஆள், நானும் வாங்குகிற ஆள்.

திருவாமாத்தூரிலிருந்து ஒரு தையல்காரர் வந்தார். அவர் மகன் வாங்கியிருந்த மார்க்கைப் பார்த்தால் எனக்கே தெரியும், கவுன்சிலிங் வாசல்படிகூடக் கிட்டாது. பழைய அக்காவாக இருந்தால் அரை நிமிஷத்தில் சொல்லி, பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருஷம் சேர வழி காட்டியிருப்பார். இப்போது, "போய் நில்லுங்க" என்றார். போய் நின்றார்கள். திரும்பி வந்தபோது மற்ற இடங்களில் எல்லாம் கடைசித் தேதி முடிந்திருந்தது. அந்த மனிதர் கோபப்படக்கூட இல்லை. மேஜைக்கு முன்னால் வந்து, "நின்னோம் மேடம்" என்று மட்டும் சொன்னார். அக்கா டிராயரைத் திறந்து எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டே இருந்தார். அவர் போன பிறகுதான் நிமிர்ந்தார்.

கொஞ்ச வருஷத்தில் நுழைவுத் தேர்வையே எடுத்துவிட்டார்கள். பிளஸ் டூ மார்க் மட்டும் போதும் என்றானது. எங்கள் சென்டரில் பாதிப் பெஞ்சு காலி. அக்கா வேலையை விட்டார். நான் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாறினேன். எடுத்துவிட்ட தேர்வு சில வருஷம் கழித்து வேறு பெயரில், நாடு முழுக்க ஒரே தேர்வாக, தப்பான பதிலுக்கு மார்க்கைப் பிடுங்கிக்கொள்கிற தேர்வாகத் திரும்பி வந்தது. பழைய உரக்கடை மாடியில் இப்போது ஏ.சி. போட்டு நீட் கோச்சிங் நடக்கிறது. விதிகளை மறுபடி முதலிலிருந்து படித்தபோது எனக்கு வந்தது அலுப்புதான். எத்தனை தடவைதான் புதிதாகத் தெரிந்துகொள்வது?

என் மகள் அதை இரண்டு தடவை எழுதினாள். முதல் தடவையைவிட இரண்டாவது தடவை கொஞ்சம் கூடியது. போதாது. மூன்றாவது தடவை எழுதுகிறேன் என்றாள். அவள் அப்பா, "எம்பொண்ணு விடமாட்டா" என்று போகிற இடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குக் கணக்குத் தெரியும். இருபது வருஷம் அதே வேலை. ஆனால் பெற்ற பெண்ணிடம் அந்த வார்த்தை வாயில் வரமாட்டேன் என்கிறது. யாராவது சொன்னால் தேவலை என்றிருந்தது. சொல்லக்கூடிய ஒரே ஆள் யார் என்று யோசித்தால் அக்காதான். பழைய அக்கா. ஒருவேளை எனக்காகத் திரும்பி வருவார் என்று ஒரு நப்பாசை.

ஒரு சனிக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு திண்டிவனத்துக்குப் பஸ் ஏறினேன். தெரிந்த ஆன்ட்டி, நல்ல யோசனை சொல்வார் என்று மட்டும் சொல்லியிருந்தேன்.

அக்காவுக்கு முட்டிவலி. நாற்காலியை விட்டு எழாமலேயே என் கையைப் பிடித்து உட்காரவைத்தார். அக்கா மகளுக்கு அன்று பேங்க் லீவு. ஆமாம், அந்தப் பெண் பி.எஸ்சி. முடித்து, பேங்க் தேர்வு எழுதி, திண்டிவனத்திலேயே வேலையில் இருக்கிறாள். எந்தத் தேர்வு எழுதுவது என்று அம்மாவிடம் கேட்கவே இல்லை என்று அக்கா ஒருமுறை போனில் என்னிடம் சொல்லியிருக்கிறார். கல்யாணமாகி, ஒரு குழந்தை. அம்மா வீட்டுக்குப் பக்கத்திலேயே குடியிருக்கிறாள்.

நான் விஷயத்தைச் சொன்னேன். என் மகள் இரண்டு வருஷ மார்க்கையும் சொன்னாள். அக்காவின் விரல் நாற்காலிக் கையில் தட்ட ஆரம்பித்தது. நான் அந்த விரலையே பார்த்தேன். நாலு தட்டு தட்டியிருப்பார். கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"இன்னொரு தடவ எழுதேம்மா" என்றார். "போய் நில்லு. யாரு கண்டா?"

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. என் மகள், "சரிங்க ஆன்ட்டி" என்றாள்.

டீ கொண்டுவந்த அக்கா மகள் தட்டோடு அப்படியே நின்றாள். என் மகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அவ மூஞ்சியப் பாரு."

"ஏன்டி?"

"பாரேன். சந்தோசமாவா இருக்குது?" தட்டைக் கீழே வைத்தாள். "நீ எனக்கு வராதுன்னு சொன்ன இல்ல, அன்னிக்கு வூட்டுக்கு வந்து நான் இன்னா பண்ணேன் தெரியுமா? தூங்கினேன். ரெண்டு வருஷத்துல அன்னிக்குத்தான் விடிய விடிய தூங்கினேன். நீ எழுப்பக்கூட இல்ல."

அக்கா அவளையே பார்த்தார். "சீட்டு கெடச்சிருக்கும்டி ஒனக்கு."

"கெடச்சிருக்கும். அப்புறம் அதுக்காக மாசக்கணக்குல அழுதேன். அது வேற. இல்லன்னு சொல்லல. ஆனா அன்னிக்கு யாராச்சும் ஒருத்தர் போதும்னு சொல்ல மாட்டாங்களான்னுதான் ஒன் மேஜை முன்னாடி வந்து நின்னேன். நீ சொன்ன. இத்தினி வருஷமா எனக்குப் பெரிய பாவம் பண்ணிட்ட மாதிரி நீயா நெனச்சுக்கினு, வர்றவங்க அல்லாரையும் போய் நில்லு போய் நில்லுன்னு வெரட்டிக்கினு இருக்க. எனக்கு அதான்மா பேஜாரு."

யாரும் டீயை எடுக்கவில்லை. வெளியே மீன்காரர் மணியடித்துக்கொண்டு போனார். அக்கா நாற்காலியில் முன்னால் நகர்ந்து என் மகளிடம் கேட்டார்.

"நீ தூங்குறியாம்மா?"

என் மகள் என்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். "இல்ல ஆன்ட்டி."

"எத்தினி நாளா?"

அவள் தோள் குலுங்கியது. அக்கா மகள்தான் பக்கத்தில் போய் உட்கார்ந்து அணைத்துக்கொண்டாள். அக்கா கை நீட்டி என் மகளின் முழங்காலைத் தொட்டார்.

"போதும்மா. எழுதினது போதும்" என்றார். 

இரண்டு பெண்களும் முகம் கழுவ உள்ளே போனார்கள். குழாய்ச் சத்தம் கேட்டது. அக்கா கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, ஏதோ விளங்காத கணக்கைக் கேட்பதுபோல என்னிடம் கேட்டார்.

"இவ இத்தினி வருஷம் ஏன் டீச்சர் எங்கிட்ட இத சொல்லல?"

"நீங்க கேக்கலயேக்கா" என்றேன்.

அதற்குள் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் மகள் வாசலில் வந்து நின்றாள். நான் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.